வஜீதா சொன்ன பதினாறு

தேவகிக்குப் பொறாமை என்று அவள் முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சொன்னவர் பாடு திண்டாட்டம்தான். ஆனால் போன் திரையில் கரோலின் என்ற பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அவள் வயிறு எரிந்தது உண்மை. நாற்பத்திரண்டு வயதில், கல்யாணமாகி, வேலையில் நல்ல பெயர் எடுத்து, போன மாதம்தான் சொந்த வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்த ஒரு பெண்ணுக்கு வரக்கூடாத எரிச்சல் அது. வந்துவிட்டது, என்ன செய்வது?

ஆம்பூர் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் பதினெட்டு வருடமாக அவளுக்கு லேப் வேலை. தோல் சுற்றும் பெரிய பெரிய மர டிரம்களுக்குள் எது எவ்வளவு போக வேண்டும் என்று கார்டு எழுதிக் கொடுப்பாள். அந்தக் கார்டில் எல்லாமே பர்சென்ட்தான், எல்லாமே தோல் எடையை நூறாக வைத்துத்தான். உப்பு எட்டு என்றால் நூறு கிலோ தோலுக்கு எட்டுக் கிலோ உப்பு. தண்ணீர் மட்டுமே இருநூறு பர்சென்ட் போகிற டிரம்மும் உண்டு. புதிதாக வருகிறவர்கள், நூறுக்கு மேல் எப்படிப் போகும் என்று முழிப்பார்கள். தேவகிக்கோ அது ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில் உலை வைக்கும்போதும் அரிசி எடையில் இருநூறு பர்சென்ட் தண்ணீர், ஒன்றரை பர்சென்ட் உப்பு என்றுதான் அவள் வாய் முணுமுணுக்கும். ஒரு முறை வீட்டுக்கு வந்திருந்த வஜீதா அதைக் கேட்டுவிட்டு, அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

வஜீதா கல்லூரித் தோழி. வேலூரில் பி.எஸ்சி. வேதியியல் படித்தபோது மூன்று வருடமும் ஒரே பெஞ்ச். தேவகி ஒடுகத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருவாள். பஸ் தாமதமானால் வஜீதா புத்தகத்தை விரித்து வைத்து இடம் பிடித்திருப்பாள். மேலே படிக்க இருவருக்கும் ஆசை இருந்தது. தேவகியின் அப்பா அந்த வருடம் வேர்க்கடலை விளைச்சல் ஏமாற்றிவிட்டது, பணமில்லை என்றார். வஜீதாவுக்குக் கடைசிப் பரீட்சை முடிந்த பதினெட்டாம் நாள் பேரணாம்பட்டில் நிக்காஹ். அதோடு தொடர்பு விட்டுப்போனது.

ஒன்பது வருடத்துக்கு முன் யாரோ அந்த வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார்கள். அதில் தேவகியின் நம்பரைப் பிடித்து வஜீதா தனியாக அனுப்பிய முதல் செய்தி, நல்லா இருக்கியா, எத்தனை பிள்ளைங்க என்றெல்லாம் இல்லை. ஒரு கணக்கு. கடைசிப் பரீட்சையில் இருவரும் தப்பாகப் போட்டுவிட்டு வெளியே வந்து அழுத அதே கணக்கு. கீழே, "இப்ப போட்டுட்டேன் டீ. நீ?" என்று ஒரு வரி.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒருத்தி கணக்கு அனுப்புவாள், வியாழனுக்குள் மற்றவள் விடை சொல்ல வேண்டும். சட்டதிட்டங்கள் கடுமையானவை. நெட்டில் தேடக்கூடாது, புத்தகம் புரட்டக்கூடாது, கையால் எழுதி வழிமுறையோடு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். தோற்றவள் தன் வாட்ஸ்அப் முகப்புப் படத்தை எடுத்துவிட்டு ஒரு முழு நாள் முட்டைப் படம் வைக்க வேண்டும். இதற்கென்றே தேவகி லேப் தராசுத் தட்டில் ஒரு நாட்டுக்கோழி முட்டையை வைத்துப் படம் எடுத்து வைத்திருந்தாள். அவள் புருஷன் சீனிவாசனை ஷூ கம்பெனியில், "இன்னா சார், வீட்ல முட்டை போட்ருக்காங்களா?" என்று கேட்டே ஓட்டுவார்கள். வஜீதாவின் நாத்தனார்கள் அது ஏதோ நேர்த்திக்கடன் என்றே வெகுநாள் நம்பினார்கள்.

ஒரு முறை வஜீதா குடும்பத்தோடு அமிர்தி அருவிக்குப் போய்விட்டு வந்து ஒரு கணக்கு அனுப்பினாள். அருவி இருபது மீட்டர் என்று வைத்துக்கொள், மேலேயிருந்து விழுகிற தண்ணீர் கீழே வரும்போது எவ்வளவு சூடாகியிருக்கும்? தேவகி போட்டாள். கிட்டத்தட்ட 0.05 டிகிரி. "இவ்ளோ உயரத்துலேர்ந்து குதிச்சதுக்கு இவ்ளோதானா" என்று வஜீதா எழுத, அதிலிருந்து வீட்டிலோ வேலையிலோ பாடுபட்டு ஒன்றும் கிடைக்காத நாட்களில் இருவரும் "0.05" என்று மட்டும் அனுப்பிக்கொள்வார்கள். வேறு யாருக்கும் அது புரியாது. புரியாததுதான் அதன் ருசி.

போன வருடம் வஜீதாவின் கணவர் உமர் ஃபாரூக்குக்கு வயிற்றில் ஆபரேஷன். வேலூரில் இரண்டு வாரம் ஆஸ்பத்திரி வாசம். ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்த நேரத்தில் டோக்கன் சீட்டின் பின்பக்கம் வஜீதா தேவகியின் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பிரிவில் வேலை பார்க்கும் கரோலின் எட்டிப் பார்த்தாள். "இந்த இடத்துல மைனஸ் ப்ளஸ்ஸா மாறிப்போச்சு" என்று விரல் வைத்தாள். அவ்வளவுதான், சிநேகம் ஒட்டிக்கொண்டது.

வஜீதா எதையும் மறைக்கவில்லை. "இது நானா போட்டதில்ல, கரோலின்னு ஒருத்தி திருத்திக் குடுத்தது, எனக்கு முட்டைதான்" என்று எழுதி முட்டையும் வைத்தாள். தேவகி அன்று பெருந்தன்மையாக ஒரு கைதட்டல் படம் அனுப்பினாள். அடுத்த மாதமே மூன்று பேருக்கும் சேர்த்து வஜீதா ஒரு குரூப் ஆரம்பித்துவிட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கரோலின் கெட்டவளாக இருந்திருந்தால் தேவகிக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அவள் தங்கமானவள். கோடு போட்ட தாளில், விடைக்குக் கீழே பச்சை மையில் அடிக்கோடு இழுத்து அனுப்புவாள். வேகமோ வேகம். வஜீதாவும் தேவகியும் ஒரே வயது; கரோலின் அவளை "வஜீ" என்றாள், இவளை "அக்கா" என்றாள். அந்த "அக்கா" தேவகிக்கு முள்ளாகக் குத்தியது.

ஒரு நாள் கரோலினின் விடைக்குக் கீழே வஜீதா, "இன்னா அழகா போட்ருக்கா பாரு டீ!" என்று எழுதினாள். அழகா! தேவகி சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவைத் திறக்காமல், தனக்கும் வஜீதாவுக்குமான ஒன்பது வருடச் செய்திகளை மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். ஒரே ஒரு இடத்திலாவது "அழகு" இருக்கிறதா என்று. இல்லை. "கரெக்ட்" இருந்தது, "சரி" இருந்தது, இரண்டு இடத்தில் "பிசாசு" இருந்தது. "பிசாசு" என்பதைப் பாராட்டு என்றுதான் இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அதிலும் சந்தேகம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு தூக்கம், சாப்பாடு எல்லாம் கெட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆன்லைனில் இருந்தால் தனியாகப் பேசிக்கொள்கிறார்களோ என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்து வாரத்தில் மூன்று முறை தேவகிக்கு முட்டை. கம்பெனி மேனேஜர் ரஃபி அகமது, "இன்னாம்மா, கோழிப்பண்ணை ஆரம்பிச்சுட்டீங்களா? எங்களுக்கும் சொல்லக்கூடாதா?" என்று கேட்டார். அவள் சிரித்து வைத்தாள். சிரிப்பு பல்லோடு நின்றது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒரு விடுமுறை நாளில் வஜீதா ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டாள். அமிர்தி அருவி. அதன் முன்னால் வஜீதாவும் கரோலினும், துப்பட்டா நனைந்து, கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு. படத்தின் மேல் எழுதியிருந்தது: 0.05.

தேவகி போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தாள். அப்போதும் 0.05 என்றுதான் இருந்தது. "எங்க கணக்கு அது" என்று வாய்விட்டே சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்த சீனிவாசன், "எந்தக் கணக்கு?" என்றார். "உங்களுக்கு ஒண்ணும் புரியாது" என்று அவர்மேல் பாய்ந்தாள். பாவம் மனுஷன், மறுபடி துணியைக் குனிந்து மடித்தார்.

அந்த வாரம் முழுக்க அவள் ஒரு கணக்குக்கு மட்டும் உழைத்தாள். கரோலினைக் கவிழ்க்க ஒரு கணக்கு. ஞாயிறு காலையில் குரூப்பில் போட்டாள்:

"நூறு கிலோ தண்ணீரில் உப்பைப் போட்டு 20 பர்சென்ட் உப்புக் கரைசல் செய்கிறோம். அதிலிருந்து பத்துக் கிலோ எடுத்துக் கொட்டிவிட்டு, பத்துக் கிலோ சுத்தத் தண்ணீர் ஊற்றிக் கலக்குகிறோம். இப்படியே திரும்பத் திரும்ப. எத்தனையாவது தடவையில் உப்பு 5 பர்சென்ட்டுக்குக் கீழே இறங்கும்? கால்குலேட்டர் தொடக்கூடாது."

தேவகியின் விடை பதினாறு. மூன்று முறை சரிபார்த்திருந்தாள்.

நாற்பது நிமிடத்தில் கரோலினின் கோடு போட்ட தாள் வந்தது. தேவகி வழிமுறை பக்கமே போகவில்லை. அடியில் பச்சைக் கோட்டுக்கு மேலே இருந்த எண்ணை மட்டும் பார்த்தாள். பதினேழு. அவளுக்கு உடம்பெல்லாம் குளுகுளுவென்று ஆனது.

"தப்பு" என்று எழுதினாள்.

"எங்கன்னு சொல்றீங்களா அக்கா?"

"நீயே பாரு."

வியாழனன்று வஜீதாவின் விடை வந்தது. வெறும் "16". தாளும் இல்லை, போட்டோவும் இல்லை. வேறு நாளாக இருந்தால் தேவகி விட்டிருப்பாளா? வழிமுறை எங்கே என்று பிடுங்கியெடுத்திருப்பாள். அன்று அது அவள் கண்ணிலேயே படவில்லை. "கரோலின், முட்டை!" என்று ஆச்சரியக்குறியோடு போட்டாள். கரோலினின் சிரித்த முகம் போய் முட்டை வந்தது. கூடவே ஒரு செய்தியும் வந்தது.

"ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன், எனக்குப் பதினேழுதான் வருது. எங்க தப்புன்னே தெரியல. உங்க ரெண்டு பேர் அளவுக்கு எனக்கு வராது போல. கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கேன் அக்கா."

அன்று தேவகி வீட்டில் பாயசம். எதற்கு என்று சீனிவாசன் கேட்கவில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை ரஃபி அகமது லேபுக்குள் வந்தார். கழிவுத் தண்ணீரைப் பற்றி ஏதோ அறிக்கை கேட்டிருக்கிறார்களாம்.

"தேவகிம்மா, நாலாம் நம்பர் டிரம்முக்குள்ள போற உப்புத் தண்ணில உப்பு எவ்ளோ பர்சென்ட்? கார்டுல எட்டுன்னு இருக்கு, எட்டுன்னே எழுதிரட்டா?"

"ஐயோ, அது தோலுக்கு சார். நூறு கிலோ தோலுக்கு எண்பது கிலோ தண்ணி, எட்டுக் கிலோ உப்பு. தண்ணியும் உப்பும் சேர்ந்து எண்பத்தெட்டு. அதுல எட்டுன்னா ஒன்பது பர்சென்ட்டுக்கு மேல வந்துரும். கரைசல்னு கேட்டா மொத்தத்துலதான் பாக்கணும், நம்ம கார்டு கணக்கு வேற..."

அந்த இடத்தில் அவள் வாய் நின்றது.

"இன்னா ஆச்சு?" என்றார் ரஃபி அகமது.

"ஒண்ணுமில்ல சார். எழுதித் தர்றேன்."

அவர் போனதும் ஒரு பழைய டிரம் கார்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இருபது பர்சென்ட் கரைசல் என்று தானேதான் எழுதியிருக்கிறாள். அப்படியென்றால் நூறு கிலோ தண்ணீருக்கு உப்பு இருபது கிலோ இல்லை, இருபத்தைந்து கிலோ. மொத்தம் நூற்றிருபத்தைந்து. பத்து பத்தாக எடுத்துக்கொண்டே போனாள். பதினாறாவது தடவையில் ஐந்துக்கு மேல் இன்னும் கொஞ்சம் நின்றது. பதினேழில் இறங்கியது. இவளோ தண்ணீரைத் தோலாக்கி, அதன் மேல் இருபது கிலோ உப்புப் போட்டு, ஐந்து பர்சென்ட்டையும் அதே நூறில் ஐந்து கிலோவாகவே எடுத்திருந்தாள். பதினெட்டு வருடப் பழக்கம், மூன்று முறை சரிபார்த்தபோது மூன்று முறையும் அவளை ஏமாற்றியிருந்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிய இடி அடுத்த நிமிடம் இறங்கியது. வஜீதா எப்படிப் பதினாறு சொன்னாள்?

வஜீதா தோல் கம்பெனிக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. அவளுக்கு இந்தத் தப்பு வரவே வராது. தேவகியின் தப்பு என்னவாக இருக்கும் என்று யோசித்து, தேவகி மாதிரியே போட்டுப் பார்த்தால் ஒழிய.

வெளியே டிரம்கள் சுற்றும் சத்தத்துக்கு அப்பால், வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்து போன் போட்டாள்.

"பதினாறு எப்டி டீ வந்துச்சு?"

வஜீதா சொன்னாள்: "நீ அரிசிக்குத் தண்ணி ஊத்துவியே, அது மாதிரி போட்டேன். வந்துடுச்சு."

"அப்ப பதினேழு?"

"அதான் மொதல்ல வந்துச்சு."

"ஏன்டீ சொல்லல?"

"இன்னாத்த சொல்றது? ரெண்டு மாசமா மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க. அமிர்தி போட்டோ போட்டதுலேர்ந்து ஒரு வார்த்த சரியாப் பேசல. உனக்கு ஜெயிக்கணும். சரி, ஜெயிச்சுக்கோன்னு விட்டுட்டேன்." வஜீதாவின் குரலில் கோபம் இல்லை, அதுதான் தேவகியைப் பயமுறுத்தியது. "ஆனா எனக்கு பேஜாரா இருக்கு தேவகி. ஒன்பது வருசத்துல உனக்கு நான் பொய்யா ஒரு விடை குடுத்ததில்ல. உன் மூஞ்சியப் பாத்து விடை சொல்லணும்னா அது இன்னா கணக்கு? வேணாம் டீ. நிறுத்திக்கலாம். நல்லா இருக்கியா, சாப்டியான்னு பேசிக்கலாம்."

நல்லா இருக்கியா, சாப்டியா. அதைக் கேட்க தேவகிக்கு நூறு பேர் இருந்தார்கள். தங்கச்சி கேட்பாள், பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள், கேஸ் கொண்டு வருகிற ஆள்கூடக் கேட்பான்.

லேபுக்குத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நல்லெண்ணம் எதுவும் அவளுக்கு உடனே பொங்கி வந்துவிடவில்லை. பேசாமல் இருந்தால் போதும், கரோலின் போய்விடுவாள் என்று ஒரு மனசு கணக்குப் போட்டது. இரண்டு மாதமாக அவள் கேட்ட வரம் அது. வஜீதா தேர்ந்தெடுத்தது தன்னைத்தான், கரோலினை இல்லை. அந்த நினைப்பு இனித்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இனித்த மறு நொடியே கசந்தது. குழந்தைக்கு விட்டுக்கொடுப்பதுபோல வஜீதா அவளுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாள். கரோலினிடம் தோற்பது எரிச்சல். வஜீதா இரக்கப்பட்டு ஜெயிக்க வைப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

குரூப்பைத் திறந்தாள். எழுதினாள், அழித்தாள். "ஆனாலும் கேள்வி கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்று ஒரு வரி சேர்த்தாள், அதையும் அழித்தாள். கடைசியில் போனது இவ்வளவுதான்:

"17தான் சரி. நான் டிரம் கார்டு கணக்குல போட்டுட்டேன். கரோலின், உன் போட்டோவை வை. முட்டை எனக்கு."

தராசுத் தட்டு முட்டையைத் தேடி எடுத்து முகப்பில் வைத்தாள். இந்த முறை மேனேஜர் கேட்டால் உண்மையையே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

ஐந்து நிமிடத்தில் கரோலினின் சிரித்த முகம் திரும்பி வந்தது. "அப்பாடா! எனக்குப் பைத்தியம் புடிச்சுடும்போல இருந்துச்சு அக்கா. டிரம் கார்டு கணக்குன்னா இன்னா? எனக்கும் சொல்லித் தாங்க" என்று கேட்டிருந்தாள். குற்றம் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. இப்படி இருப்பவளிடம் எப்படித்தான் கோபப்படுவது என்று தேவகிக்கு அதிலும் ஒரு கோபம் வந்தது.

வஜீதா ஒன்றும் எழுதவில்லை. தேவகி ஒரு கார்டு எழுதினாள், இன்னொரு கார்டு எழுதினாள், போனைப் பார்த்தாள். மூன்றாவது கார்டில் உப்பை எழுத மறந்து திரும்ப எழுதினாள். மறுபடி பார்த்தபோது வஜீதாவின் முகப்புப் படம் மாறியிருந்தது. அங்கேயும் முட்டை.

கரோலின் கேட்டிருந்தாள்: "வஜீ, நீ ஏன் முட்டை வெச்சிருக்க? உனக்கு 16 வந்தது தப்புதான், ஆனா கேள்வி கேட்டவங்களே தப்பா இருந்தா அது கணக்குல வராதே?"

"அது அவளுக்குத் தெரியும்" என்று வஜீதா எழுதியிருந்தாள்.

தேவகி அந்த வரியை மூன்று தடவை படித்தாள். பட்டியலில் மேலும் கீழுமாக இரண்டு முட்டைகள் இருந்தன. நடுவில் கரோலின் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். டிரம் கார்டு கணக்கை அவளுக்கு நாளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம், அவசரமில்லை என்று தேவகி நினைத்தாள்.

போனை மூடப் போகும்போது தனியாக ஒரு செய்தி வந்தது. வஜீதா ஒரே ஒரு வார்த்தை அனுப்பியிருந்தாள்.

"பிசாசு."

கூடவே நாளைய ஞாயிற்றுக்கான கணக்கும் வந்திருந்தது, ஒரு நாள் முன்னதாகவே, அவளுக்கு மட்டும். தேவகி ஒரு பழைய கார்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேனாவைத் தேடினாள்.